ஒன்பது பேப்பர்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றிலிருந்து எழுதுவது என்று முடிவு. டயரி எழுதுகிறவர்கள் எல்லாம் வெட்டியாக இருக்கிறவர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். எனக்கு மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எந்த நாள் எங்கே போனது என்றாவது தெரியட்டும்.

நான் செண்பகவல்லி. ட்ரிபிள் இ, இரண்டாம் வருடம், நாலாவது செமஸ்டர். இருப்பது கோயம்புத்தூரைத் தாண்டி, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில் ஒரு தனியார் காலேஜ். ஊர் சங்கரன்கோவில். வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அரசு காலேஜ் ஒன்றில் மூன்றாம் வருடத்துக்கு மாறுதல் கேட்கப் போகிறேன். அங்கே சேர்ந்தால் தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம்.

அதற்கு மூன்று நிபந்தனை. ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. மொத்த சராசரி எட்டுக்குக் குறையக் கூடாது. மூன்றாவதுதான் கழுத்தை அறுக்கிறது. இங்கே மூன்றாம் வருடத்தில் வரும் இரண்டு பேப்பர் அங்கே இரண்டாம் வருடத்திலேயே முடிந்துவிடுகிறதாம். அதையும் இப்போதே எழுதிப் பாஸாகியிருக்க வேண்டும். ஆக ஏழும் இரண்டும் ஒன்பது பேப்பர், கூடவே மூன்று லேப். என் சராசரி இப்போது 7.7. இந்த செமஸ்டரில் 8.9 வாங்கினால்தான் மொத்தம் எட்டைத் தொடும். கணக்குப் போட்டுவிட்டு, ரிப்பேரோ என்று கால்குலேட்டரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். ரிப்பேர் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் எச்.ஓ.டி. தங்கராசு சார் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, ஒம்போது பேப்பரு எழுதி அப்படி என்னத்தக் காணப் போற? இங்க என்ன கொற?"

"வீடு பக்கம் சார். இங்க சாப்பாடு ஒத்துக்கல."

"சோத்துக்காகவா இந்தப் பாடு?" என்று சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, "ஒடம்பப் பாத்துக்க சாமி" என்றார்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பொய்யும் இல்லை. இன்று காலை உப்புமாவில் ஒரு ஸ்டேப்ளர் பின் கிடந்தது.

பிப்ரவரி 5, புதன்

அப்பாவுக்கு வழக்கம்போல மூன்று போன். காலை ஆறரை, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஏழு. காலையில் இட்லி, மத்தியானம் ரசம், ராத்திரிக்கு மத்தியான ரசமே போதும். அப்படித்தான் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தண்ணீர் பத்து மணிக்கே நின்றுவிட்டதால் இரண்டு சுடிதார் சோப்பு நுரையோடு பக்கெட்டில் கிடக்கிறது. மெஷின்ஸ் இரண்டு யூனிட் முடித்தேன். முடித்தேன் என்றால், பக்கத்தைத் திருப்பினேன்.

ரூம்மேட் பிரின்சி மார்த்தாண்டத்துக்காரி. அவளுக்கு முத்துமுத்தான கையெழுத்து, எனக்குக் கணக்கு வரும். அதனால் என் லேப் ரெக்கார்டை அவள் எழுதுகிறாள், அவளுக்குக் கணக்கை நான் சொல்லிக் கொடுக்கிறேன். ஹாஸ்டலில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைக்கிறோம். "எடீ, நீ மனுசியா மிஷினா? கொஞ்ச நேரம் கெடந்து உறங்கேன்" என்று திட்டிக்கொண்டே இன்றைக்கு நான்கு சோதனை எழுதி முடித்தாள்.

அவள் கேட்டாள், உங்கப்பாவுக்கு என்ன வேலை என்று. பரோட்டா மாஸ்டர் என்றேன். எங்கள் ஊரில் சுப்புக்குட்டி மாஸ்டர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கடையைக் கை காட்டும். அம்மா போனதிலிருந்து கடைக்குப் போகவில்லை. கேட்டால் லீவு என்கிறார். இந்தத் தை மாதத்தோடு அந்த லீவுக்கு ஒரு வயது ஆகிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

கூடுதல் பேப்பர் இரண்டுக்கும் மூன்றாம் வருட வகுப்பில் போய் உட்கார வேண்டும். என் வகுப்பும் அவர்கள் வகுப்பும் ஒரே நேரத்தில் வருகிறது. எனவே பாதி மணி நேரம் இங்கே, பாதி மணி நேரம் அங்கே, நடுவில் இரண்டு மாடி. சீனியர் ஒருத்தன், "சிஸ்டர், கொரியர் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறான். நாசமாய்ப் போகிறவன். மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் இன்டர்னல் மார்க் வந்தது. ஏழில் ஐந்து தேறிவிட்டது. சிக்னல்ஸில் 61. அறுபத்தொன்றை வைத்துக்கொண்டு 8.9 எங்கே வாங்குவது! போ.

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவுக்கு நான் ஒரு வேலை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒருமுறை எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து சத்தம் வந்தால் போனில் எனக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்ப வேண்டும். அக்கா எதற்கு என்று கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. வயதானவர்கள் தனியாக இருந்தால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வைப்பார்கள் இல்லையா, அதற்குத்தான்.

அப்பாவுக்கு ஐம்பத்தொன்று.

மார்ச் 11, செவ்வாய்

தலைமுடி கொத்தாக வருகிறது. மெஸ் வரிசையில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். பின்னால் இருந்தவள் தட்டால் முதுகில் இடித்து எழுப்பினாள்.

அலமாரியில் சட்டை தேடும்போது அம்மாவின் மாத்திரை டப்பா கையில் தட்டியது. பொங்கலுக்குப் போனபோது எடுத்து வந்தது. தேதி முடிந்த மாத்திரையை வீட்டில் வைக்கக் கூடாது, யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாராவது என்றால் ஒரே ஆள்தான். டப்பாவை இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

காலை ஆறரைக்கு எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு எடுக்கவில்லை. ஏழு, ஏழேகால், ஏழரை. பேச்சியக்கா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்பா வேலை பார்த்த கடை முதலாளிக்குப் போட்டால் அவர் ஏதோ கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே "ஹலோ ஹலோ" என்கிறார்.

ஒன்பது மணிக்கு இரண்டாவது இன்டர்னல், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். வினாத்தாளை வாங்கினேன். முதல் கேள்வியை நாலு தடவை படித்தேன். பிறகு எழுந்து, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஹாஸ்டல் வரைக்கும் ஓட்டம். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஓடிவிட முடியுமா?

ஒன்பதே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். "போன்ல சார்ஜு இல்லட்டீ. கரண்டு வேற போய்ட்டு. என்ன, இத்தன தடவ கூப்ட்ருக்க?"

"சும்மாதாம்ப்பா. இன்னைக்கு டெஸ்ட்டு, அதான் சொல்லலாம்னு."

"நல்லா எழுதுனியா?"

"சூப்பரா எழுதுனேன்."

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அந்த டெஸ்ட்டுக்கு மார்க் பூஜ்யம். இன்டர்னலில் போனதை மெயின் பரீட்சையில்தான் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரெக்கார்ட் மூன்றும் கையெழுத்தாகிவிட்டது. பிரின்சி வாழ்க.

ஏப்ரல் 16, புதன்

அட்டவணை வந்துவிட்டது. ஏப்ரல் 21 முதல் மே 9 வரை. இரண்டாம் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள், ஒரு பைத்தியக்காரி இரண்டையும் எழுதுவாள் என்று யாருக்கும் தெரியாது. மே 2ஆம் தேதி காலையில் ஒரு பேப்பர், மத்தியானம் ஒரு பேப்பர். தங்கராசு சார், "பல்கலைக்கழகம் போட்டது, நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

மூன்று முடிந்தது, ஆறு பாக்கி. மெஷின்ஸ் நன்றாக எழுதினேன். நிஜமாகவே நன்றாக எழுதினேன். இதை எழுதி வைத்தால் கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பா இன்று மத்தியானம் ரசம், கத்திரிக்காய் என்றார். குரல் பரவாயில்லை.

மே 2, வெள்ளி

காலையில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். ஒரு மணிக்கு வெளியே வந்தேன். ஒன்றரைக்கு அடுத்த ஹாலுக்குள் போக வேண்டும். நடுவில் இருந்த அரை மணியில் சாப்பிட்டிருக்கலாம். அப்பா மூன்றாவது தடவைதான் போனை எடுத்தார், அதிலேயே மணி ஆகிவிட்டது.

மத்தியானம் பவர் எலெக்ட்ரானிக்ஸ். விடைத்தாளைத் திறந்தேன், எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கம் திருப்பும்போதுதான் பார்த்தேன். முதல் பக்க உச்சியில், நடுவில், அழகாக, பிள்ளையார் சுழி.

நான் போட்டிருக்கிறேன். என் கைதான்.

ஒண்ணாங்கிளாஸில் அம்மா பழக்கியது. பலசரக்குச் சீட்டு எழுதினால்கூட உச்சியில் அது இல்லாமல் எனக்கு ஓடாது. ஆனால் பல்கலைக்கழகப் பரீட்சையில் கூடாது. விடைத்தாளின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள், பெயர், சாமி அடையாளம், வேறு எந்தக் குறி இருந்தாலும் முறைகேடு என்று. திருத்துகிறவருக்கு ஆளை அடையாளம் காட்டுகிற வேலையாம். அதனால் இரண்டு வருடமாக விரலால் பெஞ்சில் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். இன்றைக்கு விரல் போட வேண்டியதைப் பேனா போட்டுவிட்டது.

கட்டம் கட்டி, மை தெறிக்க அடித்து மறைத்தேன். அடித்த பிறகுதான் தோன்றியது, அந்தக் கறுப்புக் கட்டமே பெரிய அடையாளம் இல்லையா? நான் ஒரு மடச்சி. வடிகட்டின மடச்சி. கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கலாம். எழுந்து நிற்கத் தெம்பில்லை.

பிரின்சி, "ஒண்ணும் ஆவாதுடீ, ஆயிரம் பேப்பர்ல இத எவன் பாக்கப் போறான்" என்கிறாள். ஒன்றும் ஆகாது.

மே 10, சனி

எல்லாம் முடிந்தது. பதினாறு மணி நேரம் தூங்கினேன். நாளை ஊருக்கு.

மே 11, ஞாயிறு, சங்கரன்கோவில்

அப்பா முகச்சவரம் செய்திருந்தார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. சட்டை அவர் மேல் தொங்குகிறது. "ஏ செம்பா, எலும்பும் தோலுமா வந்து நிக்கியே" என்று அவர் என்னைச் சொல்கிறார்!

சமைக்கப் போனேன். அரிசியில் வண்டு. பருப்பு டப்பாவில் அடியில் பூஞ்சை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பொங்கலுக்கு நான் இருந்தபோது மாற்றிய சிலிண்டர். அசைக்க முடியாத கனம், வந்த அன்றைக்கு இருந்ததைப் போல.

நான்கு மாதம். அத்தனை இட்லி, அத்தனை ரசம், கத்திரிக்காய்!

உலை வைத்தேன்.

மே 19, திங்கள்

பேச்சியக்கா சொன்னாள், "நீ வந்தாத்தான் இந்த வீட்ல லைட்டு எரியி செம்பா. இல்லன்னா உங்கப்பா இருட்டுக்குள்ளயே உக்காந்திருக்காவ. கடைலேர்ந்து பார்சல் குடுத்து விடுதாவ, அது பாதி நாளு நாய்க்குத்தான் போகுது."

நான் தட்டை வைத்து எதிரே உட்கார்ந்தால் சாப்பிடுகிறார். எழுந்து போனால் கை நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஜூன் 20க்குள் மாறுதல் விண்ணப்பம் போட வேண்டும். ஜூலையிலிருந்து நான் இங்கேயே இருந்துவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. இன்னும் ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டால் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

காலேஜிலிருந்து போன். 'விடைத்தாளில் அடையாளக் குறி.' விசாரணை 12ஆம் தேதி மதியம். இரண்டு நாளில் விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும், பெற்றோருடன் நேரில் வர வேண்டும்.

ஆபீஸ் அண்ணனிடம் கெஞ்சினேன். "அண்ணே, பக்கத்து வீட்டு அக்காவக் கூட்டிட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் ஆவாதும்மா. அப்பா இருக்காருல்ல? அப்புறம் என்ன?"

அப்பா இருக்காருல்ல.

ஜூன் 5, வியாழன்

விளக்கக் கடிதத்தை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று தடவை பொய்யாக எழுதி அழித்தேன். நாலாவதை அனுப்பினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 7, சனி

அப்பாவிடம் சொன்னேன். பரீட்சைப் பேப்பரில் தெரியாமல் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன், அதற்கு ஒரு கையெழுத்துப் போட நீங்கள் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒன்றரை வருடமாகத் தெரு முக்குக் கடை தாண்டாத மனுஷன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டேன்.

"நான் வந்தா சரியாயிருமா?" என்றார்.

"தெரியலப்பா."

"வருதேன்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

ரிசல்ட். எட்டு பேப்பர் வந்துவிட்டது. மெஷின்ஸில் உச்ச மதிப்பெண், சிக்னல்ஸில்கூட தப்பித்துவிட்டேன். ஒன்பதாவதன் எதிரே 'நிறுத்தி வைப்பு'. அதில் சுமாராகத் தேறினாலும் போதும், மொத்தம் 8.04 வரும். ஐந்து தடவை கூட்டிப் பார்த்தேன். ஐந்து தடவையும் 8.04.

சாமி, இது ஒன்றை மட்டும் விட்டுவிடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன். என் ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி, கோயம்புத்தூர்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். காலை பத்து மணி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் எங்களோடு இன்னும் நாலு பேர். ஒருவன் 786 எழுதியிருக்கிறான். ஒருத்தி சிலுவை. ஒருத்தி விடைத்தாளில் குங்குமம் வைத்திருக்கிறாள். நாலாவது ஆள், 'சார், எப்படியாவது பாஸ் போடுங்க' என்று செல் நம்பரோடு எழுதி வைத்தவன். அவன்தான் எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். "எல்லா சாமியும் ஒரே பெஞ்சுல இருக்குது, பயப்படாதீங்க சிஸ்டர்" என்றான். சிரிப்பு வந்தது. அப்பா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியில் கிடந்து மடிப்பு விழுந்த வெள்ளைச் சட்டையில், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஐந்து பேர். தங்கராசு சாரும் ஓரத்தில் இருந்தார். நடுவில் தலைவர், ஒரு மேடம். என் விடைத்தாளைக் காட்டினார்கள். அந்தக் கறுப்புக் கட்டம். ஆமாம், நான்தான் என்றேன். மேடம் என் விளக்கக் கடிதத்தை எடுத்தார். ஃபைலில் அப்படியே சேர்த்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என் தாயார் இறந்த பிறகு என் தந்தை தனியாக இருக்கிறார். நான் அருகில் இல்லாவிட்டால் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சுகிறேன். அதற்காகவே மாறுதல் கேட்டு ஒன்பது தாள்கள்…"

அங்கே மேடத்தின் குரல் தேய்ந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மீதியை மனதுக்குள் வாசித்தார். எனக்கு அப்பாவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. மேஜையின் விளிம்பில் இருந்த அவர் கையை மட்டும் பார்த்தேன். எண்ணெய் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த கை. அது ஆடாமல் இருந்தது.

"ஒம்போது பேப்பரா?" என்றார் அப்பா. என்னைக் கேட்டாரா அவர்களைக் கேட்டாரா தெரியவில்லை. "கையெழுத்து எங்கங்கய்யா போடணும்?" என்றார்.

அரை மணி வெளியே நிற்க வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். மேடம் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரூலை மீற முடியலம்மா. மத்ததெல்லாம் தொடல. இந்த ஒரு பேப்பர் மட்டும் ரத்து. நவம்பர்ல எழுதிக்கோ."

நவம்பரில் எழுதினால் அது அரியர். அரியர் இருந்தால் மாறுதல் இல்லை. ஒன்பது பேப்பரும், கொட்டிய முடியும், தூங்காத ராத்திரியும் எல்லாம் சேர்ந்து ஒரு கையெழுத்தில் முடிந்தது. அழுகை வரவில்லை. சரிங்க மேடம் என்றேன்.

தங்கராசு சார் வராந்தா வரை வந்தார். "சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னியேம்மா" என்றார். என் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

காலேஜ் திங்கட்கிழமை திறக்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்துகொள்வது, அப்பா சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போவது என்று முன்பே பேசியிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ராஜபாளையம் வழி சங்கரன்கோவில் பஸ் கூட்டமாக நின்றது. ஜன்னல் வழியாகக் கைப்பையைப் போட்டு, அதன் மேல் துண்டையும் போட்டு சீட் பிடித்தார். பிறகு எதிரே இருந்த பரோட்டா கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாவப் போட்டு இந்த அடி அடிக்கான். கொல்லுதான் அத" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்பா! அந்த லெட்டரக் கேட்டீங்களா இல்லையா? மாவாம் மாவு!" என்று கத்திவிட்டேன். பூக்காரி திரும்பிப் பார்த்தாள். யார் பார்த்தால் எனக்கென்ன? "ஆறரை மணிக்கு ஒரு போன் எடுக்கலன்னா நான் செத்துப் பொழைக்கேன். சிலிண்டரு அப்படியே இருக்கு. ரசம் வச்சேன், ரசம் வச்சேன்னு நாலு மாசமா… யாருக்குப்பா வச்சீங்க ரசம்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

"அதையா நெனச்சிட்டிருந்த?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"அம்மாக்குப் பதினாறு முடிஞ்ச அன்னைக்கிலேர்ந்து."

டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

"சரியாத்தான் நெனச்சிருக்க" என்றார்.

ஒன்றரை வருடமாக இந்த டயரியில்கூட எழுதாமல், பிரின்சியிடம் சொல்லாமல், வழுக்கி விழுவது, தேதி முடிந்த மாத்திரை என்று சாக்குச் சொல்லிச் சொல்லி நான் தள்ளிக்கொண்டே வந்தது, அவர் வாயால் வந்துவிட்டது. ஏதோ ஒன்று லேசானது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, தனியாகப் பயப்பட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் புதிது.

"வீட்டுக்குப் போறதுன்னாலே பயமாருக்குட்டீ" என்றார் அப்பா. "ஒவ்வொரு நாளும் அதே நெனப்பு. நீ போன் போடுவல்லா, சரி, அடுத்த போன் வர்ற வரைக்கும் இருப்போம்னு உக்காந்திருப்பேன். அப்படியேதான் ஓடுச்சு. எத்தன நாளைக்கு ஓடும்னு எனக்கே தெரியல."

"அப்பம் போவாதீங்க."

"எங்க போவாம?"

"இங்கதான். என்கூட. எங்கன்னு தெரியல, போவாதீங்க. அவ்வளவுதான்."

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "பெரியவரே, வரீங்களா இல்லீங்களா? சீட்டுல துண்டு கெடக்குது!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும். "வரல" என்று கண்டக்டரிடம் நானே சொன்னேன். விசில் அடித்துவிட்டார். பஸ் வெளியேறி வளைவில் திரும்பிய பிறகுதான் உறைத்தது, துண்டும் கைப்பையும் அந்த சீட்டிலேயே ஊருக்குப் போகிறது. "ஐயோ, எம் பையி!" என்றார் அப்பா. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் ஒழுகியது. பஸ் ஸ்டாண்டு நடுவில் இரண்டு பேரும் நின்று அழுதோம்.

பேச்சியக்காவுக்குப் போன் செய்து, பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். லாட்ஜ்காரர் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த ஆதாரையும் என் காலேஜ் கார்டையும் மாறி மாறிப் பார்த்து, பெயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

இன்று காலை எட்டு மணிக்குத் தங்கராசு சார் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த மனநல டாக்டர் இருக்கிறாராம், மதியம் இரண்டு மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், அவரும் வருகிறாராம். அப்பா பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "யாரு?" என்றார். சொன்னேன்.

"பைத்தியத்துக்குப் பாக்குறவரா?"

"ஆமா. எனக்கும் சேத்துப் பாக்கச் சொல்லணும்."

"சரி" என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

டாக்டருக்குப் பிறகு என்ன, எங்கே தங்குவது, திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போகும்போது இவரோடு யார் இருப்பது, ஒன்றும் தெரியாது. மாறுதல் போய்விட்டது. நவம்பரில் ஒரு அரியர் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவர் இன்னும் தூங்குகிறார். நான் அரை மணிக்கு ஒருமுறை அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பதினொன்றேகால். எழுந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து, இது எந்த இடம் என்று சுவரை, ஜன்னலை, என்னை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"பசிக்கிட்டீ" என்றார்.

இதோடு நிறுத்துகிறேன். கீழே கடையில் இட்லி தீர்வதற்குள் போக வேண்டும்.